நண்டின் நரம்பு வரைபடங்கள்: ஒரு திறனாய்வு

ஒரு நாட்டின் படத்தைக் கையில் வைத்திருப்பவர் அந்நாட்டின் ஊர்களையும் ஆறுகளையும் பெயர் சொல்லிக் காட்டலாம். ஆனால் அவ்வூர் மக்கள் என்ன தொழில் செய்கின்றனர், எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டு என்பவற்றை அப்படம் ஒன்றைக் கொண்டே சொல்லிவிட இயலாது. இவ்வுண்மை எளியது, யாவரும் அறிந்தது. எனினும் உயிர்நூல் ஆராய்ச்சியில் இதனை மறப்பதும் எளிதாகவே இருக்கிறது. அதற்கு நல்லதொரு சான்று, நண்டு, இறால், சிங்கி இறால் முதலிய ஓட்டுடலிகளின் நரம்பு மண்டலத்தில் நரம்புப் பெப்டைடுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும் வரைபடங்களின் வரலாறாகும். 1980களிலிருந்து இன்றுவரை இத்தகைய படங்கள் பல வெளிவந்துள்ளன. அவை சாதித்தவை யாவை, சாதிக்காதவை யாவை, அவற்றை எவ்வாறு படிக்க வேண்டும் என்பனவற்றை நடுநிலையில் நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெப்டைடு என்பது யாது?

ஒரு நரம்பணு மற்றொரு நரம்பணுவுக்குச் செய்தி சொல்லக் கையாளும் பொருள்கள் இருவகைப்படும். அசெட்டைல்கோலின், குளூட்டமேட்டு போன்ற சிறு மூலக்கூறுகள் ஒரு வகை. இவை இரு நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்தில் வெளிப்பட்டு, கண் இமைப்பதற்குள் வேலையை முடித்துக்கொள்வன. பெப்டைடுகள் மற்றொரு வகை. அமினோ அமிலங்கள் சில, மாலையில் மணி கோத்தாற்போலச் சேர்ந்தமைந்த சங்கிலிகள் இவை. இவற்றின் விளைவு நொடிக்கணக்கிலும் நிமிடக்கணக்கிலும் நிற்கும். அருகிலுள்ள அணுவோடு நில்லாமல் தொலைவிலுள்ள அணுவையும் இவை சென்றடையும். சில, இரத்தத்தில் கலந்து உடல் முழுதும் சுற்றிவரும்.

முதுகெலும்பில்லா உயிர்களுள், அமைப்பு முழுதும் முதன்முதலில் அறியப்பட்ட நரம்புப் பெப்டைடு ஓர் இறாலிலிருந்தே கிடைத்தது. 1972 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் ஃபெர்ன்லுண்டும் யோசஃப்சனும் வடகடல் இறாலின் கண்காம்புகளிலிருந்து எட்டு அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு ஒன்றின் அமைப்பை வெளியிட்டனர். தோலிலுள்ள செந்நிறத் துகள்களை ஓரிடத்தில் குவியச் செய்து, இறாலின் நிறத்தை வெளுக்க வைப்பது அதன் இயல்பு. 1975 இல் கனடாவில் ஸ்டாரட், பிரவுன் என்னும் இருவர் ஏறத்தாழ ஒன்றேகால் இலட்சம் கரப்பான் பூச்சிகளை அரைத்துப் பிரித்து, ஐந்தே அமினோ அமிலங்கள் கொண்ட 'புரோக்டோலின்' என்னும் பெப்டைடின் அமைப்பைக் கண்டனர். அது நண்டிலும் சிங்கி இறாலிலும் உண்டு என்பது பின்னர் தெரியவந்தது. 1987 இல் ஜெர்மன் ஆராய்ச்சியாளர் ஐரோப்பியக் கரை நண்டிலிருந்து ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட, இதயத்தைத் தூண்டும் பெப்டைடு ஒன்றைப் பிரித்தெடுத்தனர். அது கிடைத்த இடம் இதயத்தைச் சூழ்ந்துள்ள நரம்புறுப்புகள். அவ்வுறுப்புகளை 1953 இலேயே இங்கிலாந்தின் பிளிமத் கடலாய்வு நிலையத்தில் அலெக்சாண்ட்ரோவிச் விரிவாக எழுதிவைத்திருந்தார். உறுப்பு அறியப்பட்டு முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரே அதனுள் இருந்த பொருளின் முழு அமைப்பு அறியப்பட்டது.

பொருள் கையில் கிடைத்தவுடன் எழும் வினா ஒன்று உண்டு. இஃது எந்தெந்த நரம்பணுவில் இருக்கிறது? அவ்வினாவின் விடையாகவே வரைபடங்கள் பிறந்தன.

முதல் தலைமுறைப் படங்கள்

முதல் தலைமுறைப் படங்கள் எதிர்ப்பொருள்களைக் கொண்டு வரையப்பட்டவை. பெப்டைடைப் பெரிய புரதம் ஒன்றோடு பிணைத்து முயல் போன்ற ஓர் உயிருக்கு ஊசி வழியே செலுத்தினால், அதன் உடல் அப்பெப்டைடுக்கு எதிர்ப்பொருளை உண்டாக்கும். அவ்வெதிர்ப்பொருளை நண்டின் நரம்புத் திசுவில் தோய்த்து, ஒளிரும் சாயம் ஒன்றை அதனோடு சேர்த்துவிட்டால், பெப்டைடு உள்ள அணுக்கள் மட்டும் உருப்பெருக்கியின் கீழ் ஒளிவிடும். ஒளிவிட்டவற்றை முடிச்சு முடிச்சாக எண்ணிப் படத்தில் குறிப்பதே முறை.

1986 இல் சிவிக்கி, பிஷப் என்னும் இரு பெண் ஆராய்ச்சியாளர்கள் சிங்கி இறாலிலும் நன்னீர்ச் சிங்கியிலும் புரோக்டோலினுக்கு இவ்வாறு படம் வரைந்தனர். அதே ஆண்டில் மார்டர், ஹூப்பர், சிவிக்கி ஆகிய மூவர் இரைப்பை நரம்பு மண்டலத்தில் புரோக்டோலின் இருக்கும் இடத்தையும் அதன் செயலையும் சேர்த்தே ஆராய்ந்து வெளியிட்டனர். 1987 இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கிராவிட்சின் குழுவைச் சேர்ந்த கோபியெர்ஸ்கி முதலியோர் சிங்கி இறாலில் மற்றொரு பெப்டைடுக் குடும்பத்துக்குப் படம் வரைந்தனர்.

இவற்றின் சிறப்பைக் குறைத்துச் சொல்லல் தகாது. ஓட்டுடலிகளின் நரம்பு மண்டலத்தில் பல அணுக்கள் விலங்குக்கு விலங்கு ஒரே இடத்தில், ஒரே வடிவில் அமைந்தவை. ஒரு சிங்கி இறாலில் கண்ட அணுவை அடுத்த சிங்கி இறாலிலும் தேடிப் பிடிக்கலாம். ஆகவே அப்படங்கள் 'இப்பகுதியில் ஏதோ உள்ளது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை. இன்ன முடிச்சில், இன்ன இடத்தில் உள்ள, இந்த அணு என்று சுட்டிச் சொல்லின. மனித மூளையின் படங்கள் எவற்றுக்கும் அந்நாளில் கைகூடாத நுட்பம் இது. பொறுமையும் நேர்மையும் மிக்க உழைப்பு அவற்றில் தெரிகிறது.

'போன்ற' என்னும் ஒரு சொல்

அந்த நேர்மை ஒரு சிறு சொல்லில் அடங்கியிருந்தது. அவ்வாராய்ச்சியாளர்கள் 'புரோக்டோலின் உள்ள அணுக்கள்' என்று தலைப்பிடவில்லை. 'புரோக்டோலின் போன்றதற்கு வினைகாட்டும் அணுக்கள்' என்றே தலைப்பிட்டனர். எதிர்ப்பொருள் பெப்டைடு முழுவதையும் படித்து அறிவதில்லை. அதன் ஒரு துண்டை, பெரும்பாலும் வால்பகுதியை, அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்கிறது. வால் ஒத்த வேறு பெப்டைடு இருந்தாலும் அஃது ஒட்டும். ஆகவே 'போன்ற' என்னும் சொல் வெறும் அடக்கத்துக்காகச் சேர்த்ததன்று. படத்தின் பொருளையே வரையறுக்கும் சொல் அது.

அதற்கு நேர்ந்த சோதனை இதுதான். 1977 இல் பிரைஸ், கிரீன்பர்க் ஆகியோர் ஒரு கடற்சிப்பியிலிருந்து நான்கு அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு ஒன்றைக் கண்டு, எஃப்.எம்.ஆர்.எஃப். அமைடு எனப் பெயரிட்டனர். அதற்கு எதிரான எதிர்ப்பொருளைச் சிங்கி இறாலின் நரம்பு முடிச்சுகளில் தோய்த்தபோது அணுக்கள் பல ஒளிவிட்டன. சிப்பியின் பெப்டைடு சிங்கி இறாலிலும் நிறைந்திருக்கிறது என்று படத்தை மட்டும் கண்டவர் எண்ணியிருக்கக் கூடும். ஆனால் 1987 இல் டிரிம்மர், கோபியெர்ஸ்கி, கிராவிட்ஸ் ஆகியோர் பொருளையே பிரித்தெடுத்துப் பார்த்தனர். கிடைத்தவை சிப்பியின் நான்கு அமிலப் பெப்டைடு அல்ல. எட்டு அமிலங்கள் கொண்ட வேறு இரண்டு பெப்டைடுகள். வால்பகுதி மட்டுமே ஏறத்தாழ ஒத்திருந்தது. இக்குடும்பத்தின் வாலை ஒத்த வாலுடையவை ஓட்டுடலிகளில் இன்னும் பல உள்ளன என்பதும் பின்னர் வெளிப்பட்டது. மையோசப்ரசின், சல்ஃபாகைனின் முதலியவை அவ்வகையின. அவை வேறு வேறு மரபணுக்களிலிருந்து வருவன. வேறு வேறு வேலை செய்வன. ஒரே ஒளியால் குறிக்கப்பட்ட அணுக்களுள் எது எதனைக் கொண்டிருக்கிறது என்பதை அந்த ஒளி சொல்ல முடியாது.

இதே கதை மற்றொரு முறையும் நிகழ்ந்தது. பாலூட்டிகளில் அறியப்பட்ட 'பொருள் பி' என்னும் பெப்டைடுக்கான எதிர்ப்பொருள் நண்டின் இரைப்பை நரம்புகளில் ஒளியைக் காட்டியது. 1997 இல் கிறிஸ்டி முதலியோர் ஆராய்ந்தபோது, நண்டில் இருப்பது அதன் தூரத்து உறவான வேறொரு பெப்டைடு என்று தெரிந்தது. தொடக்கத்துப் படங்கள் பொய் சொல்லவில்லை. தாம் அறிந்த எல்லையை அவை ஒரு சொல்லால் காட்டியிருந்தன. சுருக்கம் எழுதுவோரும் பாடநூல் எழுதுவோரும் அச்சொல்லை விட்டுவிடும்போதுதான் பிழை நுழைகிறது. ஒரு சொல்லை விடுவதனால் ஒரு செய்தி முழுதும் மாறிவிடும் என்பதைத் தமிழ் இலக்கணம் கற்றவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. உவம உருபு தொக்கு நின்றால் உவமை உருவகமாகிவிடாது. ஆயினும் விழிப்பில்லாத வாசகர் மயங்கக்கூடும்.

நிறை காட்டும் படங்கள்

இக்குறையைப் போக்க வந்தது இரண்டாம் தலைமுறை. மூலக்கூறுகளின் நிறையை மிக நுண்ணிதாக அளக்கும் நிறமாலைக் கருவிகள் 1990களில் பெருகின. நரம்பு முடிச்சு ஒன்றை எடுத்துக் கருவியில் வைத்தால், அதிலுள்ள பெப்டைடுகளின் நிறைகள் வரிசையாகக் கிடைக்கும். ஒரு பெப்டைடை உடைத்து, துண்டுகளின் நிறையைக் கொண்டு அமினோ அமில வரிசையையும் ஊகித்தறியலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லிங்ஜுன் லி என்பாரின் குழு நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றில் இம்முறையைப் பெரிதும் வளர்த்தது. திசுவின் மேல் புள்ளி புள்ளியாக அளந்து, எந்த நிறையுள்ள பெப்டைடு எங்கே உள்ளது என்று படமாகவே வரையும் முறையும் வந்துவிட்டது. 'போன்ற' என்று தயங்க வேண்டிய நிலை பெரிதும் நீங்கியது. ஒரே முறையில் பல பெப்டைடுகளைக் காண முடிந்தது.

ஆயினும் தராசுக்கும் ஒரு குருட்டுத்தன்மை உண்டு. லூசின், ஐசோலூசின் என்னும் இரண்டு அமினோ அமிலங்களும் ஒரே நிறை உடையவை. வழக்கமான நிறை அளவீடு அவற்றைப் பிரித்தறியாது. இதனினும் வியப்பானது ஒன்று உண்டு. அமினோ அமிலங்கள் வலக்கை இடக்கை போல, ஒன்றன் கண்ணாடி நிழலாக மற்றொன்று, இரு வடிவில் அமையக் கூடும். உயிர்களின் புரதங்களில் ஒரு வடிவமே வழக்கம். ஆனால் 1994 இல் பிரான்சு நாட்டுச் சுவாயே முதலியோர், சிங்கி இறாலின் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் ஹார்மோனில் மூன்றாம் இடத்து அமிலம் சிலபோது மற்ற வடிவில் இருப்பதைக் காட்டினர். நிறை ஒன்றே, வரிசை ஒன்றே, மரபணுவும் ஒன்றே. உடலில் செய்யும் வேலை மட்டும் சற்று வேறு. தராசு இவ்வேறுபாட்டைத் தானாகக் காணாது. ஆனால் பின்னர் அவர்களே அவ்வடிவத்துக்கெனத் தனியே எதிர்ப்பொருள் செய்து, குறிப்பிட்ட சில அணுக்களில் மட்டும் அந்த மாற்றம் நிகழ்வதைப் படம் பிடித்தனர். பழைய முறை பயனற்றதாகிவிட்டது என்று புது முறையாளர் கருதினால், இந்நிகழ்ச்சி அதற்குத் தக்க மறுமொழியாகும்.

மரபணுப் பட்டியல்கள்

மூன்றாம் தலைமுறை மரபணுக்களிலிருந்து வந்தது. 2011 இல் நன்னீர்த் தெள்ளுப்பூச்சி எனப்படும் டாஃப்னியாவின் மரபணுத் தொகுதி வெளியாயிற்று. ஓட்டுடலிகளுள் முதன்முதலில் முழுமையாகப் படிக்கப்பட்டது அதுவே. 2019 இல் பண்ணைகளில் வளர்க்கப்படும் வெள்ளை இறாலினதும், 2021 இல் அமெரிக்கச் சிங்கி இறாலினதும் வெளிவந்தன. இவற்றைக் கணிப்பொறியில் தேடினால், நரம்புப் பெப்டைடுகளை உண்டாக்கும் மரபணுக்களின் பட்டியல் விரைவில் கிடைத்துவிடுகிறது. ஒன்றேகால் இலட்சம் பூச்சிகளை அரைக்க வேண்டிய காலம் மலையேறிவிட்டது.

ஆனால் மரபணுவில் எழுதியிருப்பது பெப்டைடு அன்று. பெப்டைடு வெட்டியெடுக்கப்படும் நெடிய முன்புரதம். அதனை அணு எங்கே வெட்டும், வெட்டியபின் வாலை எவ்வாறு மாற்றும் என்பன விதிகளைக் கொண்டு ஊகிக்கப்படுவன. ஊகம் பெரும்பாலும் பலிக்கிறது, எப்போதும் பலிப்பதில்லை. ஆகவே பட்டியலில் உள்ள பெயர்களுள், ஊகித்தது எது, கண்ணால் கண்டது எது என்று பிரித்துக் காட்டாத கட்டுரை குறையுடையதே. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்து தருவது, சொத்தையும் கடனையும் ஒரே வரிசையில் கூட்டுவது போன்றது.

இடம் தெரிந்தால் பணி தெரியுமா?

இனித் தலையாய வினாவுக்கு வரவேண்டும். மூன்று முறைகளையும் சேர்த்து, குற்றமே இல்லாத ஒரு படம் வரைந்துவிட்டதாகக் கொள்வோம். எந்த அணுவில் எந்தப் பெப்டைடு என்பது முழுதும் தெரிந்துவிட்டது. அப்போது நண்டின் நரம்பு வேலை செய்யும் விதம் விளங்கிவிடுமா?

இதற்கு விடை காண நண்டின் இரைப்பையைப்போல் ஏற்ற இடம் வேறில்லை. நண்டின் இரைப்பைக்குள் பற்கள் உண்டு. அவற்றை அசைத்து உணவை அரைப்பது ஒரு தாளம். அரைத்ததை வடித்து அனுப்புவது மற்றொரு தாளம். வடிக்கும் தாளம் நொடிக்கு ஒருமுறை அளவில் விரைவானது. அரைக்கும் தாளம் மெல்லென நடப்பது. இவ்விரண்டையும் உண்டாக்குவது முப்பதுக்கு மேற்படாத அணுக்களைக் கொண்ட ஒரு சிறு நரம்பு முடிச்சு. உடலிலிருந்து பிரித்து உப்புநீர்க் கலத்தில் வைத்தாலும் அது தாளம் தவறாமல் நடக்கும். மேனார்டு, செல்வர்ஸ்டன் முதலியோர் தொடங்கி வைத்த இவ்வாராய்ச்சியை, பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஈவ் மார்டர் அம்மையார் பல்லாண்டுகளாக நடத்தி வந்துள்ளார்.

அமெரிக்கக் கிழக்குக் கரையின் ஜோனா நண்டில், இம்முடிச்சுக்குப் புரோக்டோலினைக் கொண்டுவரும் அணுக்கள் மூன்று வகை. எம்.பி.என்., எம்.சி.என்.1, எம்.சி.என்.7 என அவற்றுக்குப் பெயர். படத்தில் மூன்றும் ஒரே நிறத்தில் ஒளிவிடும். ஆகவே மூன்றும் ஒரே வேலை செய்யும் என்று எதிர்பார்க்கலாம். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் நுஸ்பாமின் குழு ஒவ்வொன்றையும் தனித்தனியே தூண்டிப் பார்த்து, 1999 இல் முடிவை வெளியிட்டது. மூன்று அணுக்களும் மூன்று வெவ்வேறு தாளங்களை எழுப்பின. பெப்டைடு ஒன்று, பயன் மூன்று. காரணம் யாது? எம்.சி.என்.1 புரோக்டோலினோடு வேறொரு பெப்டைடையும் சேர்த்து வெளிவிடுகிறது. அன்றியும், வெளிவிடப்பட்ட புரோக்டோலினை வெட்டி அழிக்கும் நொதிகள் அணுக்களுக்கு வெளியே உள்ளன. அவற்றைத் தடுத்தால் தாளம் மாறுகிறது என்று 2002 இல் வுட், நுஸ்பாம் இருவரும் காட்டினர். எவ்வளவு வெளிவந்தது என்பதோடு, எவ்வளவு நேரம் தங்கியது, எவ்வளவு தொலைவு சென்றது என்பனவும் கணக்கில் சேரும். இவற்றுள் ஒன்றும் படத்தில் இல்லை.

இதன் மறுபுறத்தையும் காண்க. 2000 ஆம் ஆண்டில் சுவென்சன், மார்டர் ஆகியோர் அதே முடிச்சில் ஐந்து வெவ்வேறு பெப்டைடுகளை ஆராய்ந்தனர். ஐந்தும் அணுக்களில் ஒரே மின்னோட்டத்தையே திறந்துவிடுகின்றன என்று கண்டனர். அவ்வாறாயின் ஐந்தும் ஒரே தாளத்தைத் தரவேண்டுமன்றோ? தரவில்லை. ஏனெனில் ஒவ்வொரு பெப்டைடையும் ஏற்கும் வாயில்கள் எல்லா அணுக்களிலும் இல்லை. ஒன்றுக்கு இந்த அணுக்கள், மற்றொன்றுக்கு அந்த அணுக்கள். கடிதம் எங்கிருந்து புறப்பட்டது என்பதைப் பெப்டைடுப் படம் காட்டுகிறது. எந்த வீட்டுக் கதவு அதற்குத் திறக்கும் என்பதைக் காட்டவில்லை. இரத்தத்தில் கலந்துவரும் பெப்டைடுகளுக்கோ, கதவைத் தவிர வேறு முகவரியே இல்லை.

தோட்டத்துப் பிரட்டில் பெயர் கூப்பிட்டுக் குறித்தால் அன்று வேலைக்கு வந்தவர் யார் என்பது தெரியும். யார் எவ்வளவு பால் எடுத்தார் என்பது நிறுத்துப் பார்த்த பின்னரே தெரியும். பெயர்ப் பதிவை வைத்துக்கொண்டு விளைச்சலைப் பேசுவது தவறு என்பதே இங்குச் சொல்லத்தக்க குறை.

காலத்தை மறந்த படம்

படத்துக்கு மற்றுமொரு குறை உண்டு. அது ஒரு கணத்தைக் காட்டுவது; உயிரோ கணந்தோறும் மாறுவது. சர்க்கரையை உயர்த்தும் ஹார்மோன் கண்காம்புக்கே உரியது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1999 இல் வேல்ஸ் நாட்டில் சுங், டிர்க்சன், வெப்ஸ்டர் ஆகியோர் கரை நண்டு ஓடு கழற்றும் காலத்தை உற்று நோக்கினர். ஓடு கழற்றும் சமயம் நெருங்குகையில், குடலின் சுவரிலுள்ள அணுக்கள் அதே ஹார்மோனைப் பெருமளவில் உண்டாக்கி, கழற்றும் வேளையில் இரத்தத்தில் கொட்டுகின்றன. நண்டு நீரை உறிஞ்சி உடல் பருத்து, பழைய ஓட்டை விட்டு வெளிவருவதற்கு இது துணை செய்கிறது. மற்ற நாள்களில் அக்குடலை ஆராய்ந்தவர் வெறுங்கையோடு திரும்பியிருப்பர். அவர் வரைந்த படத்தில் குடல் வெற்றிடமாக இருந்திருக்கும். அந்த வெற்றிடம் 'இல்லை' என்று பொருள்படாது. 'அன்று காணவில்லை' என்றே பொருள்படும். எனவே ஆணா பெண்ணா, பசித்ததா உண்டதா, ஓடு கழற்றி எத்தனை நாள் ஆயிற்று என்பவற்றைக் குறிக்காத படத்தை அரைப் படம் என்றே கொள்ள வேண்டும்.

எதிர்க்கட்சியின் கூற்று

இவ்வளவும் கேட்டபின், 'படம் வரைவதே வீண். செயலை நேராக ஆராய்ந்தால் போதும்' என்று சொல்வாரும் உளர். அக்கூற்று ஏற்கத்தக்கதன்று. மூன்று புரோக்டோலின் அணுக்களையும் தனித்தனியே தூண்டிப் பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? அம்மூன்றிலும் புரோக்டோலின் உள்ளது என்று படம் காட்டியதனால் வந்தது. படம் இல்லாதிருந்தால் அவற்றின் வேறுபாடு ஒரு புதிராகவே எழுந்திராது. விடை கூறாத படம் வினாவைப் பெற்றுத் தந்தது. ஆராய்ச்சியில் அது சிறிய கொடையன்று.

வேறு துறையும் இதற்குச் சான்று. ஒரு சிறு உருளைப்புழுவகையின் 302 நரம்பணுக்களும் எவ்வாறு இணைந்துள்ளன என்பது 1986 இலேயே முழுப் படமாக வெளிவந்துவிட்டது. ஆயினும் அப்புழுவின் நடத்தை அப்படத்தால் மட்டும் விளங்கவில்லை. கம்பி இணைப்புகளைக் காட்டிய படத்தில், இணைப்பின்றிப் பரவும் பெப்டைடுகளின் செய்திவழி இல்லாமையும் அதற்கொரு காரணம். 2023 இல் அப்புழுவுக்குப் பெப்டைடுகளையும் அவற்றை ஏற்கும் வாயில்களையும் சேர்த்து ஒரு புதுப்படம் வரையப்பட்டது. அனுப்புவோர், பெறுவோர் இருவரையும் குறித்த படம் அது. நண்டுக்கும் இறாலுக்கும் வரவேண்டியது அத்தகைய படமே.

கண்காம்பும் இறால் பண்ணையும்

இவை யாவும் ஆய்வுக்கூடத்துச் சொற்போர்தாமே என்று வாசகர் எண்ணலாகாது. சந்தையில் விற்கும் இறாலோடும் இதற்குத் தொடர்பு உண்டு. ஐங்குறுநூற்றின் கள்வன் பத்தில் நண்டின் நீண்ட கண்ணுக்கு வேப்பம் அரும்பு உவமையாக வருகிறது. காம்பின் நுனியில் நிற்கும் அந்தக் கண்ணை அன்றே உற்று நோக்கியிருக்கின்றனர். அந்தக் காம்புக்குள்தான் ஓட்டுடலிகளின் தலையாய ஹார்மோன் சுரப்பிடம் அமைந்துள்ளது. கண்காம்பை நீக்கினால் ஓடு கழற்றல் விரைவதை 1905 இல் ஸெலனி கண்டார். பெண் இறாலில் சினைப்பை வளர்வதை 1943 இல் பானூஸ் கண்டார். சினை முதிர்வதைத் தடுக்கும் பெப்டைடு காம்பில் உள்ளது. காம்பு போனால் தடை போகும் என்பது கருத்து.

1970களில் பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளில் இதனைக் கொண்டு புலி இறாலைத் தொட்டியிலேயே சினை முதிரச் செய்தனர். தாய் இறாலின் ஒரு கண்காம்பை வெட்டியோ, நசுக்கியோ, கட்டியோ நீக்கினால் சில நாள்களில் அது முட்டையிட ஆயத்தமாகும். குஞ்சு உற்பத்தி பெருகியது. பலருக்குப் பிழைப்பும் கிடைத்தது. ஆனால் காம்பில் இருப்பது அந்த ஒரு தடைப் பெப்டைடு மட்டுமன்று. சர்க்கரையை உயர்த்துவது, ஓடு கழற்றலைத் தடுப்பது, நிறத்தை விரிப்பது, நிறத்தைக் குவிப்பது எனப் பல அங்கே உள்ளன. ஒன்றை நீக்க விரும்பிப் பலவற்றையும் ஒருசேரக் குறைப்பதே வெட்டு. தாய் இறால் தளர்வதும் விரைவில் மடிவதும் அதன் விளைவுகள்.

நல்ல வரைபடத்தின் பயன் இங்கேதான் வெளிப்பட வேண்டும். தடை செய்யும் பெப்டைடு எது என்று தனியே தெரிந்தால் அதனை மட்டும் அடக்கலாம். கண்ணை வெட்ட வேண்டியதில்லை. தாய்லாந்து ஆராய்ச்சியாளர்கள் புலி இறாலில் அம்மரபணுவை மட்டும் ஆர்.என்.ஏ. துணுக்கைக் கொண்டு அடக்க முடியும் என்று 2008 இல் காட்டினர். சினை முதிர்வதையும் பின்னர்க் காட்டினர். உணவையும் வளர்ப்பு முறையையும் திருத்திக் கண்வெட்டைக் கைவிட்ட பண்ணைகளும் உள்ளன. 2022 இல் பிரிட்டனில் இயற்றப்பட்ட விலங்குநலச் சட்டம் நண்டு, இறால் இனங்களையும் உணர்ச்சியுள்ள உயிர்களாக ஏற்றது. எனினும் கண்வெட்டு இன்னும் பல இடங்களில் நடக்கிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட அறிவு, கத்தியை விட்டுக் கை விலகும் அளவுக்கு இன்னும் தெளிவாகவில்லை. இதனைப் படம் வரைவோரின் குற்றம் என்பது நேர்மையன்று. ஆனால் பெயர்ப் பட்டியல் நீண்டுகொண்டே போக, எந்தப் பெயர் என்ன வேலை செய்கிறது என்னும் ஆராய்ச்சி பின்தங்கியதும் ஒரு காரணம் என்பதை மறைக்க இயலாது.

முடிவு

ஆகவே இப்படங்களைப் படிக்கும் மாணவர் ஐந்து வினாக்களைக் கையோடு கொண்டு செல்லுதல் நலம். பொருளைப் பிரித்தறிந்தனரா, அன்றிப் 'போன்ற' ஒன்றை மட்டும் கண்டனரா? கண்ணால் கண்டது எது, கணிப்பொறி ஊகித்தது எது? எந்த நிலையில் இருந்த விலங்கு அது? பெப்டைடை ஏற்கும் வாயில் எங்கே? அணுவைத் தூண்டிப் பார்த்தனரா? முதல் மூன்றுக்கு விடை தராத படம் நம்பத்தக்கதன்று. பின்னிரண்டுக்கு விடை தராத படம் நம்பத்தக்கதே, ஆனால் முற்றுப்பெறாதது.

1986 இன் படங்களை இவ்வளவு காலத்துக்குப் பின்னும் மதிப்போடு எடுத்துப் படிக்க முடிகிறது. தாம் காணாததைக் கண்டதாக அவை சொல்லவில்லை என்பதே அதற்குக் காரணம். அவற்றுள் ஒன்று இடத்தையும் செயலையும் சேர்த்தே ஆராய்ந்தது. அதன் வழி வந்தவையே இத்துறையில் இன்று நிலைத்து நிற்பவை. கருவிகள் பெருகிவிட்ட இந்நாளில் பெயர்கள் ஆயிரமாகலாம். அவற்றோடு, முப்பது அணுக்கள் கொண்ட அந்தச் சிறு முடிச்சில் கைக்கொண்ட பொறுமையும் பெருகினால்தான், படம் பார்த்துப் பயன் கொள்ளும் காலம் நண்டுக்கும் இறாலுக்கும், அவற்றை வளர்த்துப் பிழைப்போருக்கும் வரும்.